வீட்டுக்கு வெள்ளையடித்த கதை

வெள்ளைச் சுவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் நிற்கிற ஆளைப் பார்த்தால் வருமே, அந்தக் கோபம்.

நான் பிறந்தது தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். வரிசையாக இருபது வீடு, இருபதுக்கும் நிர்வாகம் அடித்துக் கொடுத்த ஒரே சுண்ணாம்பு. சம்பள நாளில் கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவர்கள் தங்கள் வீடு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கென்று ஒரு வீடு வந்தால், எவ்வளவு குடித்தவனும் வாசலில் நின்றே இது இன்னார் வீடு என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

வீடு வந்தது. ஈப்போவில் ஒரு தாமான் குடியிருப்பில், மாடி வைத்த வரிசை வீடு. கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. வாசல் நிலையில் மணித் தோரணம், அதன்மேல் பிளாஸ்டிக் மாவிலை, அதன்மேல் ஜிகினா மாலை. கூடத்தில் சிவப்பு வெல்வெட் சோபா, அதன் மரமெல்லாம் தங்கப் பூச்சு. ஜன்னலுக்கு மூன்று திரை. உள்ளே வலை, நடுவில் பூப்போட்டது, அதற்கு மேல் குஞ்சம் வைத்த வெல்வெட். படிக்கட்டுக் கைப்பிடி நெடுக பிளாஸ்டிக் திராட்சைக் கொடி. கூரையில் நிறம் மாறும் விளக்கு. சுவரில் வெற்றிடம் என்று ஒன்று கிடையாது. கல்யாணப் படம், அருவிப் படம், மகள் ஆறு வயதில் பாலர் பள்ளியில் பட்டதாரி அங்கி மாட்டிக்கொண்டு முறைக்கிற படம். மயில்கள் பதினொன்று. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

என் கணவர் இதற்கெல்லாம் ஒத்தாசை. தஞ்சோங் ரம்புத்தான் பெரிய ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்டாக வேலை பார்த்து பென்சன் வாங்கியவர். "நாள் முழுக்க வெள்ளைச் சுவர், வெள்ளை உடுப்பு, வெள்ளை மாத்திரை. வீட்டுக்கு வந்தா கலர் பாத்தாத்தான் எனக்குச் சோறு இறங்குது" என்பார். மனுஷன் பொய் சொல்கிறவர் இல்லை என்பதால் நான் நம்பினேன்.

எங்களுக்கு ஒரே மகள். கோலாலம்பூரில் வேலை. ஒரு நாள் போன் செய்தாள்.

"ம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க வீட்லேர்ந்து வாராங்க. அம்மா, அப்பா, அவரு, மூணு பேருதான்."

அவள் விரும்பிய பையனின் குடும்பம். செட்டிநாட்டு வழி வந்தவர்கள், ஈப்போவிலேயே இரண்டு தலைமுறையாக வக்கீல் வீடு. நாங்கள் தோட்டத்து ஆட்கள். அவர்கள் படியேறி நம் வீட்டுக்குப் பேச வருவதே பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

"வரட்டும்லா. நல்ல விஷயம்தானே."

"இல்லம்மா, வீட்ட கொஞ்சம் சிம்பிளா ஆக்கிடலாமா? சாமான் எல்லாம் எடுத்துட்டு, வெள்ளை பெயின்ட் அடிச்சுட்டா நல்லா இருக்கும்."

"எந்தச் சாமான்?"

"எல்லாந்தாம்மா."

மாதிரிக்கு என்று அவர்கள் வீட்டுப் படத்தைக் கைப்பேசியில் அனுப்பினாள். வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, மேசைமேல் ஒரு ஜாடி, ஜாடியில் ஒரு காய்ந்த குச்சி. வீடு மாறி வந்திருக்கிறார்களா, லோரி இன்னும் வந்து சேரவில்லையா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

தான் வளர்ந்த வீட்டைப் பார்த்து என் பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சுருக்கென்று இருந்தது. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன். இந்தச் சம்பந்தம் ஏதோ காரணத்தால் தட்டிப்போகலாம், அது விதி. ஆனால் என் பிளாஸ்டிக் திராட்சையால் தட்டிப்போயிற்று என்று நாளைக்கு அவள் ஒரு வார்த்தை சொன்னால், அதை என்னால் தாங்க முடியாது. ஏணியை எடுங்கள் என்று கணவரிடம் சொன்னேன்.

சாமான்களை வைக்க இடம் வேண்டுமே. பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்டி என்னை இருபது வருஷமாகத் தங்காச்சி என்று கூப்பிடுகிறவர், தனியாக இருக்கிறார். வேலிக்கு மேலே விஷயத்தைச் சொன்னேன். "தங்காச்சி, இங்க வைலா, இங்க வைலா" என்று கதவைத் திறந்துவிட்டார். சோபா, மயில், அருவி, திரைகள், தோரணம், எல்லாம் வேலி தாண்டிப் போயின. நிறம் மாறும் விளக்கை மறுநாளே அவர் தன் கூடத்தில் மாட்டி எரியவிட்டிருந்தார். மாஜோங் ஆட வந்த கூட்டாளிகளுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம்.

சுவரில் இருந்த படங்களைக் கழற்றியபோதுதான் எங்கள் குடும்பத்து ரகசியம் ஒன்று வெளியே வந்தது. வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் நாங்கள் கூடத்துக்குப் புது நிறம் அடிப்போம். அடிப்பது கணவர். படங்களைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டுவது எதற்கு என்று அவர் படத்தைச் சுற்றியே அடித்துக்கொண்டு போயிருக்கிறார். அலமாரியையும் நகர்த்தியதில்லை. கல்யாணப் படத்தை எடுத்தால் அதன் பின்னால் வீடு வாங்கிய வருஷத்து இளநீலம். அருவியை எடுத்தால் கிளிப்பச்சை. பாலர் பள்ளிப் பட்டதாரிக்குப் பின்னால் மாம்பழ மஞ்சள், அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ரோஜா, ஏனென்றால் நடுவில் ஒரு வருஷம் சின்னச் சட்டத்தை மாற்றிப் பெரிய சட்டம் போட்டிருந்தோம். கடிகாரம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு செம்மண் நிறம். இதெல்லாவற்றுக்கும் வெளியே போன தீபாவளியின் கத்திரிப்பூ.

படங்கள் இருந்தபோது இருந்ததைவிட, படங்களை எடுத்த பிறகு சுவர் இரண்டு மடங்கு அமர்க்களமாக இருந்தது.

"இருபது வருஷமா இப்படித்தான் அடிச்சீங்களா?" என்றேன்.

"நீயும் இருபது வருஷமா படத்தக் கழட்டித் தொடைக்கல போல" என்றார்.

அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க எனக்கு இஷ்டமில்லை.

வெள்ளை அடித்தோம். கத்திரிப்பூமேல் வெள்ளை அடித்தால் என்ன வரும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ரோஜா வந்தது. இரண்டாம் தடவை அடித்தோம், இளரோஜா. பிள்ளையார் பிடிக்கக் குரங்கு என்பார்களே, எங்களுக்குக் குரங்குகூட ஒழுங்காக வரவில்லை. மூன்றாம் தடவைக்கு மேல்தான் வெள்ளை என்று கோயிலில் சத்தியம் செய்யாமல் சொல்லும்படி ஒரு நிறம் கிடைத்தது. அப்போதும் வெயில் நேரே விழுந்தால் ஒவ்வொரு படமும் இருந்த இடம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மூன்று நாள் ஏணியிலேயே இருந்ததில் கணவர் முகச்சவரம் செய்யவில்லை.

கூடத்து மூலையில் சாமி மேடை மட்டும் அப்படியே இருந்தது. சாமியை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுக்க முடியுமா? பெயின்ட் தெறிக்கக் கூடாதே என்று சாமி படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பால் மூடி வைத்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு என்னைத் திட்டலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் வந்தாள். கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ம்மா. அழகா இருக்கும்மா."

பிறந்ததிலிருந்து அவள் இந்த வீட்டை அழகு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் வாங்கி வைத்த பொருள் ஒன்றுகூட இல்லாதபோது சொன்னாள். எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. தோசை சுட்டுப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். எங்கள் கோலத்தை நான் சொல்லிவிட வேண்டும். மகள் எனக்கென்று கோலாலம்பூரிலிருந்து வாங்கி வந்த சேலை, கரை இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய வெளிர் நிறம். கணவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சவரம் செய்யப் போனவரை நான்தான் பால் வாங்க விரட்டினேன், அப்படியே மறந்துவிட்டார். உள்ளே பெயின்ட் வாடை அடித்ததாலும் சோபா ஆன்டி வீட்டில் இருந்ததாலும் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தாமான் மண்டபத்திலிருந்து கொண்டுவந்து வாசல் கொட்டகையில் வரிசையாகப் போட்டிருந்தோம். வாசல் நிலையில் ஒரு மாவிலை இல்லை. கோலம்கூடப் போட வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள்.

பையனின் அம்மா தாம்பாளத் தட்டோடு காரிலிருந்து இறங்கினார். நெடுநெடுவென்று, பார்த்தாலே கும்பிடத் தோன்றும் முகம். கேட் அருகில் வந்ததும் சட்டென்று நின்றார். நாற்காலிகளைப் பார்த்தார். நிலையைப் பார்த்தார். என் கணவரின் தாடியைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே சாமி மேடையைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பையனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பையன் தட்டை வாங்கிக்கொண்டு போய் மறுபடி காரிலேயே வைத்துவிட்டு வந்தான்.

அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த அம்மா வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து இறுக அழுத்தினார். பெரிய இடத்துப் பழக்கம் போலிருக்கிறது என்று நானும் பதிலுக்கு அழுத்தினேன்.

உட்கார்ந்தார்கள். நாற்காலி நுனியில்தான். கோப்பி கொண்டுவந்தேன், தொடவில்லை. வடை கொண்டுவந்தேன், "பரவால்லங்க, இருக்கட்டும்" என்றார்கள். என் வடையை வேண்டாம் என்றவர்கள் ஈப்போவில் எனக்குத் தெரிந்து யாருமில்லை. பையனின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், அதற்கு எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் நாங்களாக எப்படி எடுப்பது?

கால் மணி நேரம் போயிருக்கும். பையனின் அம்மா பெருமூச்சு விட்டு எழுந்தார். மற்ற இருவரும் எழுந்தார்கள். "போயிட்டு வாரோம்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க் காரில் ஏறிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தை எந்த நிறம் என்று சொல்வது? வெள்ளை இல்லை, அது நிச்சயம். "சொல்லிட்டுப் போகக்கூட நமக்குத் தகுதி இல்லியாலா? தோட்டத்து ஆளுன்னா அவ்வளவு எளப்பமா?" என்று கணவரிடம் கத்தினேன். அவர் வடையைப் பார்த்துக்கொண்டே நின்றார். மகள் பக்கம் திரும்பினேன்.

"நீ கேட்ட மாதிரிதானே செஞ்சேன்? ஒரு பூ விட்டு வைக்கலயே? இப்ப திருப்தியா?"

சொல்லியிருக்கக் கூடாது. அவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். அந்தச் சேலையை உருவி எறிந்துவிட்டு, அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, வேண்டாம் என்று போன வடையில் ஆறு சாப்பிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து மகள் கைப்பேசியோடு இறங்கி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. பையன் பேசுகிறான் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாரி ஆன்டி. அம்மா இப்பதான் தலைக்குக் குளிச்சிட்டு வந்தாங்க. கேக்கச் சொன்னாங்க." அவன் தயங்கினான். "உங்க வீட்ல கேதம் யாருக்கு?"

சாவு வீட்டுத் துக்கத்தைத்தான் அவர்கள் கேதம் என்பார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"அம்மா ரொம்பச் சங்கடப்படுறாங்க. நல்ல காரியம் பேச வந்துட்டு வாயத் தெறந்து கேக்க முடியல. பதினாறு எப்பன்னு சொன்னா, அது கழிச்சு வாரோம்னு சொன்னாங்க."

என் கணவர்தான் முதலில் திரும்பிச் சாமி மேடையைப் பார்த்தார். அங்கே எங்கள் தெய்வங்கள் அத்தனையும் நான் எடுக்க மறந்த வெள்ளைத் துணிக்குள் இருந்தன. துக்க வீட்டில்தான் சாமியை மூடுவார்கள். துக்க வீட்டில்தான் தோரணம் இருக்காது, கோலம் இருக்காது, ஆண்கள் சவரம் செய்ய மாட்டார்கள், வெள்ளை நாற்காலி வாசலில் இருக்கும். அங்கே கை நனைக்கக் கூடாது. போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. வீட்டுக்குப் போனதும் குளிக்க வேண்டும். பாவம், அந்த அம்மா முறை தெரிந்தவர், ஒன்றுவிடாமல் அத்தனையையும் சரியாகச் செய்திருக்கிறார். முறை தெரியாதவள் நான்தான். மூன்று நாள் பாடுபட்டு, உயிரோடு இருக்கிற மூன்று பேருக்கு இழவு வீடு கட்டி வைத்திருந்தேன்.

"யாரும் சாகலப்பா. பெயின்ட்தான் அடிச்சோம்" என்றார் என் கணவர். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மறுமுனையில் அவன் அதை அப்படியே யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு பின்னால் யாரோ ஒரு பெண் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. நாலு மணிக்கு வருகிறோம், தட்டு இன்னும் காரிலேயே இருக்கிறது என்றான் பையன்.

நாலு மணிக்குள் ஒரு வீட்டை உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டும். முதலில் சாமியின் மேலிருந்த துணியை எடுத்து மன்னிப்புக் கேட்டு விளக்கு ஏற்றினேன். கணவர் சவரம் செய்தார். சீனத்து ஆன்டி வேலிக்கு மேலே ஒவ்வொன்றாக நீட்ட, மகள் வாங்கி வாங்கி உள்ளே ஓடினாள். எதை எங்கே மாட்டுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, சுவரில்தான் கட்டம் கட்டமாகத் தெரிந்ததே. திராட்சைக் கொடியை மகளே படிக்கட்டில் சுற்றினாள். கொஞ்சம் தாராளமாகவே சுற்றினாள். கூரை விளக்கை மட்டும் ஆன்டி திருப்பித் தர மனமில்லாமல் தந்தார்.

பையனின் அம்மா இந்த முறை தட்டோடு வாசல் தாண்டினார். கூடத்துக்குள் வந்ததும் அவரால் உடனே உட்கார முடியவில்லை. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"காலையில வந்தப்ப நான் எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா?" என்றார். பிறகு இரண்டு வடை எடுத்துக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. அந்த மயில் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுதுலா."

"எந்த மயில்?" என்றேன்.

அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, சரி விடுங்கள் என்று கையை ஆட்டினார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று. மனதில் பட்டதைச் சொல்கிற சம்பந்தி கிடைப்பது எளிதா? தை மாதத்தில் நாள் பார்ப்பதென்று பேசி முடித்தோம்.

அவர்கள் போன பிறகு மகள் கோப்பிக் குவளைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"உண்மையச் சொல்லு. நம்ம வீட்டப் பாத்தா உனக்கு வெக்கமா இருந்துச்சா?"

"ஆமாம்மா" என்றாள். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "சின்னதுலேர்ந்தே."

"இப்ப?"

"இப்பவும் கொஞ்சம் இருக்கு." குவளைகளைக் கீழே வைத்தாள். "ஆனா கேதம் யாருக்குன்னு அவரு கேட்டாருல்ல, அப்ப நான் மாடியில இருந்தேன். முதல்ல என்கிட்டதான் கேட்டாரு, அம்மாகிட்டயே கேளுங்கன்னுட்டேன். கீழ எட்டிப் பாத்தேன். சுவத்துல ஒண்ணும் இல்ல. நீங்களும் அங்க இல்ல, அடுப்படியில இருந்தீங்க. நீங்க இல்லாமப் போனா வீடு இப்படித்தான் இருக்கும்னு தெரிஞ்சிடுச்சும்மா. அதுக்குத்தான் அழுதேன். அவங்க சொல்லாமப் போனதுக்கு இல்ல."

நல்ல நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு, வாயைக் கழுவு என்று அதட்டினேன். அதட்டிவிட்டு அடுப்படிக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, காலியான வடைத் தட்டை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.